மின்னாத ஷூ ஒன்று வேண்டும்

புனேயில் ஜூன் பிறந்தால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வரும். ஒன்று மழை. இன்னொன்று பள்ளிக்கூடம். 2025 ஜூனில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவதாக ஒன்றும் வந்தது. ஊரில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. மாமன் நான், போகாமல் முடியுமா? ஏழு வயது மகளுக்குப் பாவாடை சட்டை எடுத்தாயிற்று, வளையல் எடுத்தாயிற்று. காலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

வீட்டம்மா போட்ட நிபந்தனைகள் நாலே நாலு. விளக்கு எரியக் கூடாது. ஜிகினா கூடாது. இளவரசி படம் கூடாது. குதிகால் உயரம் கூடாது. "பார்த்தா உறுத்தக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். ரொம்பச் சின்ன ஆசை என்று நினைத்துத்தான் வண்டியை எடுத்தேன்.

கேம்ப் எம்.ஜி. ரோட்டில் ஆரம்பித்து, லக்ஷ்மி ரோடு, துளசிபாக் என்று இரண்டு சனிக்கிழமை போயிற்று. பெண் குழந்தைகள் வரிசை முழுக்க ஒரே ரோஸ் கலர். கல் பதித்தது, பூ ஒட்டியது, நடந்தால் சிவப்பும் நீலமுமாக மின்னுவது. ஏழு வயசுக்கு ஒன்றரை அங்குல ஹீல்! ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெண் குழந்தைங்களுக்கு இதுதான் சார் பிடிக்கும், எப்பவுமே இப்படித்தான்" என்றார் இந்தியில்.

வெறுங்கையோடு திரும்பினோம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பா, பால்கனியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மினுக்காததா எதுக்குப்பா தேடுறீக? புள்ள கால்ல கெடக்கது நாலு பேரு கண்ணுக்குத் தெரியட்டுமே" என்றார். வயசானவர்களுக்குப் பகட்டுப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்ன "எப்பவுமே" என்ற வார்த்தை. அது மனசில் முள்ளாக நின்றுவிட்டது. நிஜமாகவே எப்பவுமே இப்படித்தானா? அன்று ராத்திரி தேட உட்கார்ந்தேன்.

காலில் விளக்கு எரியும் ஷூவுக்கு வயசு அதிகமில்லை. எல்.ஏ. கியர் என்ற அமெரிக்க நிறுவனம் 1992-ல் அதைக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பியது. இளவரசி படமோ அதைவிடச் சின்னது. சிண்டரெல்லா, ஸ்னோ ஒயிட் எல்லாம் பழைய படங்கள்தான். ஆனால் தனித்தனி இளவரசிகளை ஒரே கூட்டமாக்கி, டிஸ்னி இளவரசி என்ற ஒரே பெயரில் பை, சட்டை, செருப்பு என்று எல்லாவற்றிலும் விற்பது 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் ஆரம்பித்தது. ஆக, கடைக்காரரின் "எப்பவுமே"க்கு என்னைவிட வயசு குறைவு!

அதற்கு முன்னால் என்ன? நம் ஊர்க் கான்வென்ட் பிள்ளைகள் போடும் ஷூவை நினைத்துக்கொள்ளுங்கள். வட்ட முனை, தட்டை அடி, மேலே குறுக்காக ஒரே ஒரு வார், பக்கவாட்டில் பக்கிள். மேல்நாட்டில் இதற்கு மேரி ஜேன் என்று பெயர். ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற ஓவியர் 1902-ல் நியூயார்க்கில் பஸ்டர் பிரௌன் என்ற படக்கதையைத் தொடங்கினார். அதில் பஸ்டர் என்று ஒரு குறும்புப் பையன், மேரி ஜேன் என்று ஒரு சிறுமி. மேரி ஜேன் என்பது ஓவியரின் சொந்த மகளின் பெயர். 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பிரௌன் ஷூ கம்பெனி அந்தப் பாத்திரங்களின் பெயரை வாங்கித் தன் ஷூக்களுக்கு வைத்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், படக்கதையில் பஸ்டரும் அதே வார் வைத்த ஷூதான் போட்டிருப்பான். அந்தக் காலத்தில் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பேதம் அதில் கிடையாது. 1920களில் வந்த வின்னி த பூ புத்தகங்களில் ஷெப்பர்ட் வரைந்த கிறிஸ்டோஃபர் ராபினின் காலைப் பாருங்கள். பையன்தான், ஆனால் வார் ஷூ. பெண்ணுக்கு மட்டும் என்று ஆனது பிற்பாடு.

நம் நாட்டில் இது பள்ளிக்கூட வழியாகப் பரவியது. செக்கோஸ்லோவாக்கியாவின் பாட்டா கம்பெனி 1931-ல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டாநகர் என்று ஓர் ஊரையே கட்டியது. நம் தலைமுறைக்கு ஷூ என்றாலே பாட்டா, பாட்டா என்றாலே பள்ளி திறக்கும் ஜூன் மாதம். மின்னாத ஷூ இந்தியாவில் சாகவில்லை. சீருடை என்ற பெயரில் கறுப்பு நிறத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைக்கு ஷூ வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு உபயோகமான விஷயம். 13-ஆம் நம்பருக்கு அடுத்து 14 வராமல் மறுபடி 1 வருகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அது ஆங்கிலேயர் விட்டுப்போன கணக்கு. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு சைஸ். குழந்தைகள் கணக்கு 4 அங்குலத்தில் பூஜ்யமாக ஆரம்பித்து 13 வரை போகும். அதற்கு மேல் பெரியவர்கள் கணக்கு 1-லிருந்து. இந்த நம்பர் நீளத்தை மட்டுமே சொல்லும், அகலத்தைச் சொல்லாது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் தொடங்கியது, 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. தெரியவந்தது என்ன? இந்தியர் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம். பெண்களுக்குப் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் ஏழு வயசுப் பெண்ணுக்குக் கூர்முனை ஷூ வாங்கி விரல்களை நெருக்காதீர்கள். குழந்தையை நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். நம்பரை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்.

இன்னொரு வேடிக்கை. நான் புனேயில் தேடித் தேடிக் கிடைக்காத எளிமையான தோல் ஷூக்களை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பெண்கள்தான் தைத்து வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் தெருவில் தைத்ததை லண்டன் கடையில் வாங்கிக்கொள்ளலாம்!

சரி, மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு கோலாப்பூரியை விடலாமா? லக்ஷ்மி ரோட்டில் குழந்தை சைஸில் அழகான ஜோடி இருந்தது. ஜிகினா இல்லை, கல் இல்லை, பழுப்புத் தோலில் பின்னல் மட்டும். கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் சேர்த்து. நாங்கள் ஷூ தேடிய அதே 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி மிலான் நகரத்து மேடையில் இதே மாதிரி செருப்பைப் பெயர் சொல்லாமல் காட்டி, இங்கே பெரிய சண்டையாகி, கடைசியில் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் கோலாப்பூரிக்கு மழை ஆகாது. புனே ஜூலைக்கு அது சரிப்படாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்து பிராடா கதையை அப்பாவிடம் சொன்னேன். தோலைப் பதனிட்டவர்களும் தைத்தவர்களும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட ஜனங்கள் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் மொதச் செருப்பு வாங்குனது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் பரமக்குடிப் பக்கம். 1960களின் நடுவில் அப்பா ஆசிரியர் பயிற்சிக்குப் போன சமயம், பரமக்குடி சந்தையில் டயர் செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரை வரை போட்டுக்கொண்டு நடப்பார். கரை முடிந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பெரிய தெருவைத் தாண்டி எங்கள் தெரு வந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார். ஒருநாள் மறந்து போட்டபடியே நடந்துவிட்டார். அன்று சாயந்திரம் தாத்தாவைக் கூப்பிட்டு விட்டார்கள். என்ன நடந்தது என்று அப்பா சொல்லவில்லை. "ஒங்க தாத்தா வந்து என் செருப்பை அடுப்புல வச்சுட்டாரு. டயரு எரியிற நாத்தம் ரெண்டு நாள் கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் இதை முதல் முறையாகக் கேட்கிறேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பின்னால் தன் நூலில் அவற்றைப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மேலாடை கூடாது, பூ வைக்கக் கூடாது என்று போகும். எட்டாவது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. பெண்களுக்குச் செருப்புத் தடை தனியாக இல்லை. அவர்கள் செருப்புப் போடுவார்கள் என்றே யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். என் அப்பத்தா சாகும்வரை செருப்புப் போட்டதில்லை. "அந்தக் காலத்து மனுஷி, எளிமை" என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் திருத்தம் கொண்டுவந்தபோது, பொது இடத்தில் செருப்புப் போடுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. சட்டத்தில் எழுதுகிறார்கள் என்றால் நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

நான் தினமும் ஆபீஸ் போகிற இந்தப் புனேயில்தான் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-ல் பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். அவர்கள் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா, 1855-ல் தன் ஜனங்களின் துயரத்தை மராத்தியில் கட்டுரையாக எழுதினாள். அச்சிலும் வந்தது. பிடே வாடாவின் பழைய கட்டடத்தை நினைவிடம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். அந்த வழியாகத்தான் மகளை அழைத்துக்கொண்டு ஷூ தேடி நடந்திருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது. "பார்த்தா உறுத்தக் கூடாது" என்று நாங்கள் சொல்வதே ஒரு வசதி. பீரோவில் நாலு ஜோடி வைத்திருப்பவன்தான் அடக்கமாக இருப்பதை ரசனை என்று சொல்லிக்கொள்ள முடியும். கழற்றிக் கக்கத்தில் வைத்தவருக்கு அது வேறு மாதிரிதான் இருக்கும்.

அதற்காக விளக்கு ஷூ வாங்கிவிட்டோமா? இல்லை. மூன்றாவது சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பெண் குழந்தைகள் வரிசையை விட்டுவிட்டுப் பக்கத்து வரிசைக்குப் போனேன். பழுப்புத் தோல், ஒரு வார், ஒரு பக்கிள், அகலமான முனை. "அது பையன்களுக்கு" என்றார் கடைக்காரர். எனக்குப் பஸ்டர் பிரௌன் ஞாபகம் வந்தது. மகளுக்கோ பக்கிளைத் தானே மாட்ட முடிந்ததில் ஏக சந்தோஷம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி, பாலிஷ் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு பழைய பனியன் துணியால் அரைமணி நேரம் தேய்த்தார். காலையில் பார்த்தால் முகம் தெரிந்தது.

காதுகுத்து அன்று கண்மாய்க் கரையில் காரை நிறுத்தச் சொல்லி அப்பா இறங்கிக்கொண்டார். பேத்தி கையைப் பிடித்துப் பெரிய தெரு வழியாகவே நடந்தார். நான் பின்னால். கரை முடிகிற இடத்தில் ஒரு நொடி நின்றார். "என்ன தாத்தா?" என்றாள். "ஒண்ணுமில்ல, நட" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களின் முதல் செருப்பைப் பற்றி ஒருதரம் கேட்டுப் பாருங்கள். நான் ரொம்பத் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.