துக்க வீட்டில் சொல்லாத சொல்



இவ்வாரத் தியானப் பகுதி: அப்போஸ்தலர் 20:36–38, 21:5, 6.

நம் கழுகுமலை வட்டாரத்தில் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் நாம் படியிறங்குவதில்லை. ஒரு குழந்தை "போறேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டி உடனே திருத்துகிறாள். கோவில்பட்டிக்குப் பேருந்து ஏறுகிறவரும், துபாய்க்கு விமானம் ஏறுகிறவரும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்லுகிறார்கள். துக்க வீட்டில் மட்டும் அது நம் நாவில் வருவதில்லை. அங்கே யாரிடமும் விடைபெறாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிடுகிறோம். "வருகிறேன்" என்றால் மறுபடியும் ஒரு சாவுக்கு வருவதாகிவிடுமே என்ற அச்சம். கிறிஸ்தவ வீடுகளிலும் இவ்வழக்கம் அப்படியே நிற்கிறது. இதைக் குறித்து உங்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். அதற்கு உங்களை அயர்லாந்து வரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

அயர்லாந்து நமக்கு முற்றிலும் அந்நிய நாடன்று. இடையன்குடியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் 1814-இல் பிறந்தது அந்நாட்டில்தான், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் பிறந்த மில்லிசில் என்னும் கடற்கரைச் சிற்றூரும் வட அயர்லாந்தில் உள்ளது. இருவரும் ஆங்கிலம் பேசிய புராட்டஸ்டண்டுக் குடும்பத்தார். ஆகையால் நான் கீழே சொல்லப்போகும் ஐரிஷ் மொழிச் சொற்கள் அவர்கள் வீட்டுச் சொற்களல்ல. அந்த மண்ணின் பழைய சொற்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் விருந்திலிருந்து நழுவுவதை இக்காலத்து ஆங்கிலத்தில் 'ஐரிஷ் குட்பை' என்கிறார்கள். அதே செயலை ஆங்கிலேயர் முன்பு பிரெஞ்சுக்காரர் வழக்கம் என்றார்கள். பிரெஞ்சுக்காரரோ இன்றும் அதை ஆங்கிலேயர் பாணி என்கிறார்கள். ஒவ்வொருவரும் பழியைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இறக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் ஐரிஷ் மக்கள் விடைபெறும் முறையில் மிகுந்த கவனமுள்ளவர்கள். 'ஸ்லான்' என்பது அவர்களுடைய விடைச்சொல்; பத்திரம், முழுநலம் என்று பொருள். போகிறவர் இருப்பவரிடம் "ஸ்லான் அகத்" என்பார்: நலம் உம்மிடம் தங்கட்டும். இருப்பவர் போகிறவரிடம் "ஸ்லான் லத்" என்பார்: நலம் உம்மோடு வரட்டும். தங்குகிறவருக்கு ஒன்று, வழி நடக்கிறவருக்கு வேறொன்று. சந்திக்கும்போதோ, ஒருவர் "தேவன் உமக்கு" என்று வாழ்த்தினால், மற்றவர் "தேவனும் மரியாளும் உமக்கு" என்று ஒன்று கூட்டி விடையளிப்பார். மரியாளைச் சேர்ப்பது நம் சபையின் வழக்கமன்று. ஆயினும் பெற்ற வாழ்த்தைவிடப் பெரிய வாழ்த்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணம் நமக்கும் ஏற்றதே. ரூத் புத்தகத்தில் போவாசும் அறுப்பறுக்கிறவர்களும் வயல்வெளியில் ஒருவரையொருவர் வாழ்த்தும் இடத்தை (2:4) வாசித்துப் பாருங்கள். ஆங்கிலேயரின் 'குட்பை'யும், தேவன் உம்மோடிருப்பாராக என்னும் ஜெபம் நாட்பட்டுச் சுருங்கிய வடிவமே.

ஆக, அவர்களுடைய விடைச்சொல் ஜெபமாகவும், நம்முடையது வாக்குறுதியாகவும் இருக்கின்றன. "போய் வருகிறேன்" என்பதில் நான் திரும்புவேன் என்ற உறுதி இருக்கிறது. அழகான சொல்தான். ஆனால் திரும்ப முடியாத இடத்தில் அது என்ன செய்யும்?

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய்கண்டு அழுகியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போகும் மகனை மறுபடியும் காண்பது அரிது என்று தாய்க்குத் தெரியும். எனவே புறப்படுவதற்கு முந்தின இரவு, சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி விழித்திருப்பதைப் போலவே, உயிரோடிருக்கும் மகனைச் சுற்றி ஊரார் விடியும்வரை விழித்திருந்தார்கள். இதற்கு 'அமெரிக்க இழவு' என்றே பெயர் வந்தது. ஆடலும் பாடலும் நடக்கும். விடியற்காலத்தில் பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். பிறகு வழியில் ஒரு குறிப்பிட்ட இடம்வரை கூடவே நடப்பார்கள். டோனிகால் மலைப்பகுதியில் அப்படிப்பட்ட ஒரு சிறு கற்பாலம் இன்றும் இருக்கிறது. உறவினர் அதுவரை வந்து நின்றுவிடுவார்கள். போகிறவர் மட்டும் டெரி துறைமுகத்தை நோக்கித் தனியே நடப்பார். அதன் பெயர் கண்ணீர்ப் பாலம்.

அதே காலத்தில்தான் நம் பக்கத்து மக்களும் கங்காணிகளின் பின்னே கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) அந்தக் கூட்டம் பெருகிற்று. நம்மவர் அமெரிக்க இழவு நடத்தவில்லை. "போயிட்டு வாரேன்" என்றே சொல்லிப் போனார்கள். சொன்னபடி பலர் வரவில்லை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானபோது, வந்து இறங்கியவர்களில் பலர் புறப்பட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். தாங்கள் கண்டிராத ஊருக்கு அவர்கள் "திரும்பி" வந்தார்கள். பாட்டன் கொடுத்த வாக்கைப் பேரன் நிறைவேற்ற நேர்ந்தது. அதுவும் தன் விருப்பத்தைக் கேளாமலே. இது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் எண்ணிப் பார்த்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஏமி அம்மையார் 1895-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1951 ஜனவரி 18-இல் டோனாவூரில் நித்திரையடையும்வரை, இடையில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பின், கடைசி 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. நம் கரிசல் நாட்டுக்கும் அவர் ஒரு நன்மை செய்தார். 1854 முதல் இந்த வட திருநெல்வேலிப் பகுதியில் கூடாரமடித்து ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொல்லி, 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியில் மரித்த ராக்லண்ட் ஐயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவரே.  ஏமி அம்மையார் தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, அதில் 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள்.

இனித் துக்க வீட்டுக்கு வருகிறேன். நன்னூலார் தகுதி வழக்கில் 'மங்கலம்' என்று ஒரு வகையைக் கூறுகிறார். சுடுகாட்டை நன்காடு என்பதும், செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும் அதன்பாற்படும். நாமும் 'நித்திரையடைந்தார்' என்கிறோம். ஆனால் நாம் அதை மங்கலத்திற்காகச் சொல்லவில்லை. நித்திரை என்றால் விழிப்பு உண்டு என்று விசுவாசித்தே சொல்லுகிறோம் (1 தெசலோனிக்கேயர் 4:13, 14). கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்கே 'உறங்கும் இடம்' என்று பொருள். நித்திரை என்று அடக்க அறிவிப்பில் அச்சிட்டுவிட்டு, அந்த வீட்டுப் படியில் மட்டும் சாவுக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்வது பொருந்துகிறதா?

மிலேத்துவில் எபேசு மூப்பர்கள் பவுலின் முகத்தை இனிக் காண்பதில்லை என்று அறிந்திருந்தார்கள். அழுதார்கள், முழங்காற்படியிட்டார்கள், கப்பல்வரை கூடப் போனார்கள். தீருவிலோ மனைவி பிள்ளைகளும் கடற்கரைவரை வந்தார்கள். யாரும் சொல்லாமல் நழுவவில்லை.

ஐரிஷ் துக்க வீடுகளில் வந்தவர் ஒவ்வொருவரும் வீட்டாரின் கையைப் பிடித்து, "உங்கள் துன்பத்திற்காக வருந்துகிறேன்" என்று சொல்லுவது வழக்கம். எல்லாரும் சொல்லும் ஒரே வாக்கியந்தான். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நம் வீடுகளிலோ மூலையில் உட்கார்ந்திருக்கும் விதவைத் தாயின் காதில் விழுவது செருப்புகளின் ஓசை மட்டுமே. வந்தவர் யார், போனவர் யார் என்று பிறகு பிறர் சொல்லித்தான் அவர் அறிகிறார்.

பிற சமயத்து உறவினர் வீடுகளில் அவர்கள் வழக்கத்தை மீறி அவர்களைப் புண்படுத்த வேண்டாம். அங்கே மௌனமாகப் புறப்படுவதே மரியாதை. நம் சபை வீடுகளில் அப்படியல்ல. "வருகிறேன்" என்று சொல்ல மனம் கூசினால் அதை விட்டுவிடுங்கள். துக்கத்திலிருக்கும் அந்த ஒருவரிடம் குனிந்து, "கர்த்தர் உங்களோடே இருக்கிறார் அம்மா, மூன்றாம் நாள் ஜெபத்தில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மூப்பர்கள் இதைத் தொடங்கினால் மற்றவர்களுக்குக் கூச்சம் நீங்கும். சிறுபிள்ளைகளுக்கு "ஸ்தோத்திரம் பாட்டி" என்பதே போதும்.