மின்னஞ்சலும் வாசகரின் மௌனமும்

மின்னஞ்சல் ஒன்றைத் திறக்கிறோம். எழுத்துக்கள் உடனே வந்துவிடுகின்றன. படங்கள் இருக்கவேண்டிய இடங்களிலோ வெறுங் கட்டங்கள் மாத்திரம் தெரிகின்றன. மேலே ஒரு வரி, இக்கடிதத்தின் படங்கள் காட்டப்படவில்லை என்று அறிவித்து, வேண்டுமானால் காட்டுவதற்கு ஒரு பொத்தானையும் தருகிறது. இதைக் கணினியின் கோளாறு என்றோ இணைப்பின் மந்தம் என்றோ எண்ணிக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டு மேலே செல்பவர்களே அநேகர். ஆனால் அந்த வெறுங் கட்டம் தற்செயலாக வந்ததன்று. தமக்கு வந்த கடிதத்தை ஒருவர் எப்போது பிரித்தார், எங்கே இருந்து பிரித்தார், எத்தனை முறை பிரித்தார் என்பவற்றை அவர் அறியாமலே எழுதியவர் அறிந்துகொள்ளலாமா என்ற கேள்வியைச் சுற்றி, விளம்பர வியாபாரிகளும் பொறியாளர்களும் சட்டம் செய்வோரும் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் வழக்கில், வாசகருக்குச் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பு அது. அவ்வழக்கின் சரித்திரத்தை அறிந்துகொள்வது, மின்னஞ்சலைத் தினந்தோறும் கையாளுகிற எல்லாருக்கும் பிரயோஜனமுள்ள காரியம்.

மின்னஞ்சலின் இளமைப் பருவத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1971-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் என்னும் கம்பெனியில் பணியாற்றிய ரே டாம்லின்சன், அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பி, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு ‘அட்’ என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தார். 1982-இல் ஜொனாதன் போஸ்டெல் வகுத்த எஸ்.எம்.டி.பி. விதிமுறை, கடிதம் கணினிக்குக் கணினி கைமாறும் முறையை நிலைநிறுத்தியது. அன்றைய கடிதத்தில் ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் நிறுத்தற் குறிகளையும் தவிர வேறொன்றும் கிடையாது. அது முழுவதுமாகப் பெறுபவரிடம் வந்து சேர்ந்துவிடும். பிறகு அவர் அதைப் படித்தாலும், படியாமல் விட்டாலும், பத்து முறை திரும்பத் திரும்பப் படித்தாலும் அச்செய்தி எவருக்கும் போவதில்லை. யாரும் இதை ஒரு பாதுகாப்பாகத் திட்டமிட்டு அமைக்கவில்லை. எழுத்தைத் தவிர வேறெதையும் அனுப்ப இயலாத எளிமையே காவலாக இருந்தது.

எழுத்துக்கு அப்பால் மின்னஞ்சல் அடியெடுத்து வைத்தது 1992-இல். நத்தானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்னும் விதிமுறை, படத்தையும் ஒலியையும் கடிதத்தோடு இணைத்து அனுப்ப வழிசெய்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் போரென்ஸ்டைன் அனுப்பிய கடிதத்தில், பெல்கோர் ஆராய்ச்சிக்கூடத்து நண்பர்களோடு சேர்ந்து அவர் பாடிவந்த நால்வர் குழுவின் புகைப்படமும் பாட்டும் இணைந்திருந்தன. அந்தப் படம் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வந்துவிட்டபடியால், அதைப் பார்த்த செய்தி வெளியே போக வழியில்லை. மறுவருஷம் மார்க் ஆண்ட்ரீசன், வலைப்பக்கத்தில் எழுத்துக்கு நடுவே படத்தை வைப்பதற்கு ஒரு குறியை முன்மொழிந்தார். படம் இன்ன முகவரியில் இருக்கிறது, போய் எடுத்து வா என்று மென்பொருளுக்கு ஆணையிடுவதே அக்குறியின் வேலை. 1990-களின் பிற்பாதியில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் தங்கள் மின்னஞ்சல் மென்பொருள்களில் வலைப்பக்கத்தின் ஹெச்.டி.எம்.எல். மொழியை அனுமதித்தபோது, இந்த ஆணையும் கடிதத்துக்குள் நுழைந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மெதுவாக ஊர்ந்த அக்காலத்து இணைப்புகளில், கனமான படத்தை ஒவ்வொரு கடிதத்தோடும் சேர்த்து அனுப்புவதைவிட, அதன் முகவரியை மட்டும் எழுதி அனுப்புவது சிக்கனமாகவே இருந்தது. ஆனால் அதன் விளைவாக, கடிதம் வந்து சேர்ந்த பிறகும் முழுமை பெறாமல், வாசகர் திறக்கும் கணத்தில் அனுப்பியவரிடமே திரும்பிச் சென்று மீதியைக் கேட்டு வாங்கும்படி ஆயிற்று.

அவ்வாறு கேட்டு வாங்கும்போது எவ்வளவு செய்தி வெளியேறுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரு வியாபார ஸ்தாபனம் பத்தாயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடிதத்தின் அடியில், அகலத்தில் ஒரு புள்ளியும் உயரத்தில் ஒரு புள்ளியும் உள்ள, நிறமே இல்லாத ஜிஃப் படம் ஒன்று வைக்கப்படும். அது ஐம்பது பைட்டுக்கும் குறைவாகவே இடம் பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பத்தாயிரம் பேருக்கும் அப்படத்தின் முகவரி ஒன்றாக இராது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியான நீண்ட எண் ஒன்று முகவரியின் வாலில் சேர்க்கப்பட்டிருக்கும். எந்த எண் யாருக்குரியது என்ற ஜாபிதா அனுப்பியவரிடம் இருக்கும். வாசகர் கடிதத்தைத் திறந்ததும் அவருடைய மென்பொருள் அந்த எண்ணைச் சொல்லிப் படத்தைக் கேட்கிறது. கேட்ட நாள், மணி, நிமிஷம், விநாடி, ஐ.பி. முகவரி, மென்பொருளின் பெயர் ஆகியவை சர்வரின் பதிவேட்டில் ஒரே வரியாகப் பதிகின்றன. ஐ.பி. முகவரியைக் கொண்டு ஊரை ஏறக்குறைய ஊகிக்கலாம். மென்பொருளின் பெயரைக் கொண்டு கைப்பேசியா மேஜைக் கணினியா என்று அறியலாம். அதே எண் நள்ளிரவில் மறுபடியும் வந்தால், அந்நேரத்தில் அக்கடிதம் மீண்டும் பிரிக்கப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். குக்கி எனப்படும் அடையாளத் துணுக்கும் இதனுடன் சேர்ந்தால், அதுவரை பெயரில்லாமல் வலைத்தளங்களில் உலாவிய ஒருவரை அவருடைய மின்னஞ்சல் முகவரியோடு பொருத்திவிடலாம்.

இந்த ரகசிய ஏற்பாட்டைப் பொதுமக்களுக்கு எடுத்து விளக்கியவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் எம். ஸ்மித். மென்பொருள் துறையில் அனுபவம் மிக்க அவர், 1999 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷனுக்காக, ‘வெப் பக்’ என்று வழங்கிய இந்தக் காணாப் படத்தைப் பற்றி வினாவிடையாக ஒரு விளக்கம் எழுதினார். அதைத் தொடர்ந்து சட்டம் செய்வோரும் விழித்துக்கொண்டனர். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த மின்னணுத் தொடர்பு நெறியாணை, தன் முகவுரையில் வெப் பக் என்ற பெயரையே எடுத்துச் சொல்லி, பயன்படுத்துபவர் அறியாமல் அவருடைய கருவிக்குள் புகுந்து செய்தி சேகரிப்பது அவருடைய அந்தரங்கத்தில் கடுமையாகத் தலையிடுவதாகும் என்று கண்டித்தது.

ஆயினும் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தது, ஸ்பேம் என்னும் குப்பைக் கடிதங்களால் மக்களுக்கு ஏற்பட்ட சலிப்பே. குப்பைக் கடிதம் அனுப்புவோர் லட்சக்கணக்கான முகவரிகளைக் குருட்டாம்போக்காக உண்டாக்கி அனுப்புவது வழக்கம். அவற்றில் எது உயிருள்ள முகவரி என்று கண்டுபிடிப்பதே அவர்களுடைய கஷ்டம். படம் கேட்கப்பட்டவுடன் அந்தக் கஷ்டம் தீர்ந்துவிடும். அம்முகவரிக்கு மேலும் குப்பை குவியும். ஆகவே 2003-இன் பிற்பகுதியில் வெளிவந்த அவுட்லுக் 2003, வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாகவே தடுத்துவைக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு வந்த இரண்டாம் சர்வீஸ் பேக், வீட்டுக் கணினிகளில் பரவியிருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கும் அதே காவலைக் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பிறந்த ஜிமெயிலும், வாசகர் கேட்டாலன்றிப் படத்தைக் காட்டுவதில்லை என்ற நியமத்தோடு நடந்தது. இவற்றில் பெரிய காரியம், தடுக்கும் வசதியைச் செய்துகொடுத்தது அன்று. யாரும் தொடாவிட்டாலும் தடுப்பு இருக்கும்படி வைத்ததே. செட்டிங்ஸ் பக்கத்தை ஒருநாளும் திறந்து பாராதவர்களே மிகுதியாதலால், அவர்களுக்காக எது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறதோ அதுவே நடைமுறையில் அவர்களுடைய உரிமையின் அளவாகிறது.

விளம்பரக் கடிதம் அனுப்புவோர் இதனால் கலங்கினார்கள். தங்கள் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறு கடிதத்தின் தலைப்பிலேயே வேண்டினார்கள். படம் வராத இடத்தில் தெரியவேண்டிய மாற்று வாசகங்களை எழுதப் பழகினார்கள். நேர்மையாக வியாபாரம் செய்யும் ஒருவருக்குத் தம் கடிதம் படிக்கப்படுகிறதா என்று அறியும் ஆவல் இருப்பது இயற்கையே. அதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆவலைத் தீர்ப்பதற்கு மரியாதையான வழியொன்று முன்பே இருந்தது. 1998 மார்ச்சில் வெளிவந்த ஒரு விதிமுறை, படித்ததற்கான ஒப்புகையை மின்னஞ்சலில் கோரும் முறையை வகுத்தபோது, அந்த ஒப்புகையை அனுப்புவதா மறுப்பதா என்ற முடிவை வாசகரிடமே விட்டது. பதிவுத் தபாலோடு வரும் ஒப்புகை அட்டையில் நாம் கையெழுத்திடுகிறோம். தபால்காரர் நம் முகத்துக்கு எதிரே அதைக் கேட்டு வாங்குகிறார். கையெழுத்திடுவதின் பொருள் நமக்குத் தெரியும். காணாப் படமோ நம் கையெழுத்தை நாம் அறியாமலே வாங்கிக்கொண்டு போகிறது. அறியும் ஆவல் இரண்டிலும் ஒன்றே; சம்மதம் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை.

வியாபாரிகளோடு இது நின்றுவிடவில்லை. தனிமனிதர் தனிமனிதரை வேவு பார்ப்பதற்கும் இதே உத்தியைக் கட்டணத்துக்கு விற்கும் சேவைகள் தோன்றின. 2006 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடுகளின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அடங்கிய குழு, பெறுபவரின் ஐயத்துக்கிடமற்ற சம்மதமில்லாமல் அத்தகைய சேவைகள் நடப்பதை வன்மையாக எதிர்த்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஹ்யூலெட்-பக்கார்ட் கம்பெனியின் விவகாரம் வெடித்தது. இயக்குநர் சபையின் பேச்சுக்கள் பத்திரிகைக்கு எப்படிக் கசிகின்றன என்று கண்டுபிடிக்க முற்பட்டவர்கள், இல்லாத ஓர் ஆளின் பெயரில் ஒரு நிருபருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதனுடன் தடம் காட்டும் உத்தி பொதிந்த கோப்பையும் இணைத்து, அதை அவர் யாருக்கு அனுப்புகிறார் என்று பார்க்க முயன்றது செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் அம்பலமாயிற்று. சபையின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. நிருபருக்குச் செய்தி தருபவரின் பாதுகாப்பும் கடிதத்தைப் பிரிக்கும் அந்தரங்கத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பதை உலகம் அப்போது கண்டது.

2013 டிசம்பரில் ஜிமெயில் தன் வழியை மாற்றிக்கொண்டது. படங்களைக் கூகுளின் சொந்த சர்வர்களே முதலில் எடுத்து, அங்கிருந்து வாசகருக்குக் கொடுக்கும். ஆகையால் இனிப் படங்களை எப்போதும் காட்டலாம் என்று அறிவித்தது. வாசகரின் ஐ.பி. முகவரியும் குக்கியும் இதனால் மறைந்தன என்பது மெய்யே. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனியான எண்ணோடு வரும் படம், முதல் முறை திறக்கும்போதே கேட்கப்படுவதால், இன்னார் கடிதத்தைத் திறந்தார் என்ற ஆதாரச் செய்தி முன்போலவே போய்ச் சேர்ந்தது. ஊரை மறைத்துவிட்டு நேரத்தைக் கொடுத்த இந்த ஏற்பாட்டைப் பாதிக் காவல் என்றே சொல்லவேண்டும்.

அந்தப் பாதிக் காவலுக்கும் உட்படாத இடங்களில் நிலைமை என்ன என்பதைப் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் காட்டினார்கள். ஸ்டீவன் எங்கிள்ஹார்ட், ஜெஃப்ரி ஹான், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணன் ஆகிய மூவரும், 900-க்கு மேற்பட்ட அஞ்சல் பட்டியல்களிலிருந்து வந்த 12,000-க்கு மேற்பட்ட கடிதங்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 30 சதவீதக் கடிதங்கள், திறந்த மாத்திரத்தில் வாசகரின் மின்னஞ்சல் முகவரியையே மூன்றாம் தரப்பினருக்குக் கசியவிட்டன. அதே ஆண்டு மே மாதம், ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர்களை உள்ளிட்ட ஒரு குழு வெளியிட்ட ‘ஈஃபெயில்’ என்னும் கண்டுபிடிப்பு இன்னும் திகைப்பூட்டியது. சங்கேதத்தில் பூட்டிய கடிதமொன்றைக் கைப்பற்றிய எதிரி, அதைப் படக்குறியின் முகவரிக்குள் அகப்படும்படி பொதிந்து மீண்டும் உரியவருக்கே அனுப்பினால், வாசகரின் மென்பொருள் பூட்டைத் திறந்து, திறந்த எழுத்துக்களையே படத்தின் முகவரியாக எண்ணி எதிரியின் சர்வருக்கு அனுப்பிவிடும். படங்களைத் தடுத்துவைத்திருந்தவர்களுக்கு அந்த முக்கிய வழி அடைபட்டிருந்தது.

2019-இல் சூப்பர்ஹியூமன் என்னும் மின்னஞ்சல் சேவை, தன் வாடிக்கையாளர் அனுப்பிய கடிதம் எங்கே திறக்கப்பட்டது என்பது வரையில் காட்டிவந்தது பகிரங்கமாகி, கண்டனத்துக்குப் பின் இடத்தைக் காட்டும் வசதியை நீக்கியது. 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த ஏற்பாடு வேறொரு தினுசு. அது படத்தைத் தடுப்பதில்லை. வாசகர் கடிதத்தைத் திறந்தாலும் திறவாவிட்டாலும், எல்லாப் படங்களையும் இடைநிலை சர்வர்கள் வழியாக முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. எல்லாக் கடிதமும் திறக்கப்பட்டதாகவே தோன்றுவதால், திறந்த கணக்குக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. இந்தக் காவல் வேண்டுமா வேண்டாமா என்று முதலிலேயே வாசகரைக் கேட்பதும் பாராட்டத்தக்கது, கேட்பதே நாகரிகம்.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் ஒரே விஷயம் ஊடுருவி நிற்பதைக் காணலாம். கடிதம் எழுதுகிறவருக்குச் சொல்லும் சுதந்திரம் உண்டு; பெறுகிறவருக்கோ பதில் சொல்லவும், சொல்லாதிருக்கவும், படித்தும் படியாதவர்போல் இருக்கவும் சுதந்திரம் உண்டு. வாசகரின் மௌனம் அவருடைய சொத்து. அதைச் செய்தியாக மாற்றி விற்பதற்கு அவருடைய அனுமதி வேண்டும். பொத்தானை அழுத்துமுன் அனுப்பியவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதும், ஜிமெயிலில் வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி அமைத்துக்கொள்வதும் மிகச் சிறிய காரியங்களே. ஆனால் இந்த உரிமையைச் சட்டம் தாமதமாகவே அங்கீகரித்தது. அன்றாடம் காத்துத் தந்தது இத்தகைய சிறிய காரியங்கள்தாம். ஆகவே மின்னஞ்சல் மென்பொருளை அமைக்கிற ஒவ்வொருவரும், ஒன்றையும் தொடாத வாசகருக்கும் முழுக் காவல் கிடைக்கும்படி அதை அமைத்துக் கொடுப்பது அவருடைய தர்மம்.