வீரபாண்டி ராட்டினமும் சுழலும் பெட்டிகளும்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. அங்கே சித்திரைதோறும் எட்டு நாள் கௌமாரியம்மன் திருவிழா. அக்கினிச்சட்டி எடுத்து நேர்த்திக்கடன் முடித்த குடும்பங்கள் அடுத்து நாடுவது ராட்டினத் திடலைத்தான். பள்ளத்தாக்கின் உழவர் பிள்ளைகள் பலருக்கு உயரத்திலிருந்து உலகைப் பார்க்கும் முதல் அனுபவம் இதுவாகவே இருக்கும்.

தமிழில் ராட்டினம் என்பது விளையாட்டுக் கருவிக்கு மட்டுமான பெயரன்று. நூல் நூற்பதும் ராட்டினம். கிணற்றில் நீர் இறைக்கும் உருளையும் ராட்டினம். உழைப்புக்கும் களிப்புக்கும் நம்மவர் ஒரே பெயரிட்டிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. இம்மூன்றையும் சுற்றியது ஒரே மனிதக் கைதான்.

1620இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, இன்றைய பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் ஆள் சுற்றும் ராட்டினங்களைக் கண்டு எழுதிவைத்தார். 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் நிறுவிய 264 அடி உயரச் சக்கரம் நீராவியால் சுழன்றது. ரோலர் கோஸ்டரின் மூலமோ ரஷ்யர்களின் பனிச்சறுக்கு மேடைகள். 1884இல் அது நியூயார்க்கின் கோனி தீவில் தண்டவாளம் ஏறியது. 1908இல் அதே தீவில், வளைந்திறங்கும் பாதையில் வட்டத் தொட்டிகள் தாமாகவே சுழன்றிறங்கிய 'வர்ஜீனியா ரீல்' வந்தது.

இன்று பெருநகர்களின் குளிரூட்டிய கூடங்களுக்குள் இயங்கும் சுழல் கோஸ்டர்கள் அந்த வர்ஜீனியா ரீலின் வழித்தோன்றல்களே. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெட்டிகளைச் சுழற்றத் தனி மோட்டார் கிடையாது. அமர்ந்திருப்போரின் எடை ஒருபுறம் கூடினால், வளைவில் பெட்டி தானே திரும்புகிறது. எனவே ஒரு சுற்றுப் போல மறுசுற்று அமைவதில்லை.

உடல் எடையால் சுழற்றும் இந்த வித்தை நம் திருவிழாத் திடல்களுக்குப் புதிதன்று. மோட்டார் வருமுன், ராட்டினத்தின் ஆரக்கால்களில் ஆட்கள் தாவி ஏறி, உச்சியிலிருந்து தொங்கி இறங்கித் தம் உடற்கனத்தாலேயே அதைச் சுழற்றினர். சில ஊர்களில் அவ்வழக்கம் இன்னும் எஞ்சியிருக்கிறது. கூடத்தின் கோஸ்டரில் எடை, பயணியின் இன்பத்துக்கு உதவுகிறது; திடலின் ராட்டினத்தில் அதுவே ஒருவனுடைய அன்றாடக் கூலியாக இருந்தது.

ஃபெர்ரிஸின் பெயர் ஆங்கிலத்தில் அச்சக்கரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆரக்கால்களில் தொங்கியவர்களின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. கேளிக்கையின் வரலாற்றை எழுதப் புகுவோர், சுற்றியவர்களிலிருந்து தொடங்குவதே முறை என்பது நம் எண்ணம். அதற்கான சொல்லைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது.