திருப்பி அனுப்பப்பட்ட காசோலைகள்

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்த காலத்தில், ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் மாணவிகளுக்கு நான் சொல்லும் கதைகளில் மார்கரெட் சேஸ் ஸ்மித்தின் கதையும் ஒன்று. அமெரிக்காவின் பெரிய கட்சியொன்றின் மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முன்மொழியப்பட்ட முதல் பெண். ஆண்டு 1964. கட்சி, குடியரசுக் கட்சி. கேட்பவர்களுக்கு உற்சாகம் தரும் கதை. கைதட்டல் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அவங்களுக்கு ஓட்டுப் போடாத பொம்பளைங்க யாருக்கு மேடம் போட்டாங்க?"

அன்று என்னிடம் பதில் இல்லை. ஸ்மித்தைத் தோற்கடித்தது 'ஆணாதிக்கம்' என்று பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் திருப்தியோடு உட்காரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். தேடிப் போனதில் ஸ்மித்தைவிட, எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பெண்களோடுதான் அதிக நேரம் கழிக்க நேர்ந்தது.

முதலில் ஸ்மித். 1964 ஜனவரி 27 அன்று வாஷிங்டனில், பெண் பத்திரிகையாளர்களின் தேசியச் சங்கத்தில் பேசினார். இப்படியொரு தனிச் சங்கம் ஏன் என்று கேட்கலாம். தேசியப் பத்திரிகையாளர் சங்கத்தில் 1971 வரை பெண்கள் உறுப்பினராக முடியாது; 1950களின் நடுவிலிருந்து, ஆண்கள் கீழே சாப்பிட, பெண்கள் மாடத்தில் நின்று குறிப்பெடுக்கலாம் என்று பெரியமனது பண்ணி அனுமதித்திருந்தார்கள். அந்தப் பெண்களின் மேடையில், தான் போட்டியிடக் கூடாது என்பதற்கான காரணங்களை ஸ்மித் ஒவ்வொன்றாக அடுக்கினார். வெள்ளை மாளிகை பெண்ணுக்கான இடமல்ல, பெண்ணுக்கு உடல் வலு போதாது, பணம் இல்லை, அமைப்பு இல்லை, ஜெயிக்க வழியே இல்லை. கேட்டவர்கள் பின்வாங்கப் போகிறார் என்றே நினைத்திருப்பார்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் இருப்பதால்தான் நிற்கிறேன் என்று முடித்தார்.

அப்போது அவருக்கு வயது 66. செனட்டில் இருந்த இரண்டே பெண்களில் ஒருவர். 1950இல் செனட்டின் ஒரே பெண்ணாக இருந்தபோது, சொந்தக் கட்சிக்காரரான ஜோசப் மெக்கார்த்தியின் வேட்டையை எதிர்த்து 'மனசாட்சிப் பிரகடனம்' வாசித்தவர். ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தர இடம் தந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர். அதே சமயம் பனிப்போர் அரசியலில் கடும்போக்காளர். அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் துணிவு கென்னடிக்கு இல்லை என்ற தொனியில் 1961இல் பேசி, குருஷ்சேவிடம் பெண்ணுருவில் வந்த சாத்தான் என்று பெயர் வாங்கினார். தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ள அவர் விரும்பியதில்லை. என்னுடைய மார்ச் 8 கதையில் இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை.

பிரச்சாரத்துக்கு நன்கொடை வாங்க மாட்டேன் என்றார். வந்த காசோலைகளைத் திருப்பி அனுப்பினார். செனட்டில் ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிடாதவர் என்ற பெயரைக் காப்பாற்ற, சபை வேலை போக மிச்ச நாட்களில் மட்டும் ஊர் ஊராகப் போனார். நியூ ஹாம்ப்ஷயரில் மார்ச் 10 அன்று வாக்குப்பதிவு. போட்டியில் முதன்மையாகப் பேசப்பட்டவர்கள் அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டரும் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லரும். ஜெயித்தவரோ களத்திலேயே இல்லாத ஹென்றி கேபட் லாட்ஜ். அவர் அப்போது சைகோனில் தூதராக இருந்தார். வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். ஸ்மித்துக்குக் கிடைத்தது 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகள். ஊருக்கே வராத ஆண் முதலிடம், குளிரில் வீதி வீதியாக நடந்த பெண் ஐந்தாமிடம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இப்போதும் சொல்வேன், ஆனால் அத்தோடு நிறுத்த மாட்டேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நம்மூரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை ஒரு பட்டியலாக வெளியிடுகிறது. அங்கே கட்சிக்குள்ளேயே மாநிலவாரியாக முதனிலைத் தேர்தல் நடக்கும். ஆனால் 1964இல் சில மாநிலங்களில்தான் அது இருந்தது. மற்ற இடங்களில் மாநாட்டுப் பிரதிநிதிகளை வட்ட, மாவட்டக் கூட்டங்கள்தான் தேர்ந்தெடுத்தன. அந்தக் கூட்டங்களுக்குத் தலைவர்கள் வருவதில்லை, வேலையாட்கள் வருவார்கள். நாற்காலி போடுகிறவர்கள், பட்டியல் எழுதுகிறவர்கள், தபால்தலை ஒட்டுகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள். கோல்ட்வாட்டரின் ஆட்கள் இந்தக் கணக்கைத்தான் சரியாகப் போட்டார்கள். கிளிஃப்டன் வைட் என்ற அமைப்பாளர் 1961 முதலே அடிமட்டக் கூட்டங்களில் ஆட்களை நிரப்பும் வேலையைத் தொடங்கியிருந்தார்.

ராக்கஃபெல்லரிடம் பணம் இருந்தது. அவருடைய சிக்கல் வேறு. 31 ஆண்டுகள் குடும்பம் நடத்தி ஐந்து பிள்ளைகள் பெற்ற மனைவியை 1962இல் விவாகரத்து செய்தார். 1963 மே மாதம் ஹாப்பி என்று எல்லோரும் அழைத்த மார்கரெட்டா மர்ஃபியை மணந்தார். அவளும் சற்று முன்புதான் விவாகரத்து பெற்றிருந்தாள். அவளுக்கு நான்கு சிறு பிள்ளைகள். அவர்களை வளர்க்கும் உரிமையை முன்னாள் கணவரிடம் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அவளால் வெளியே வர முடிந்தது. திருமணத்துக்கு முன்புவரை கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த ராக்கஃபெல்லர் அதன்பின் மளமளவென்று சரிந்தார்.

அந்த ஜூனில், கனெக்டிகட்டின் முன்னாள் செனட்டர் பிரெஸ்காட் புஷ் (பின்னாளில் இவருடைய மகனும் பேரனும் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள்) பெண்கள் பள்ளி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் இதைக் கண்டித்துப் பேசினார். நல்ல மனைவியைக் கைவிட்டு, நான்கு பிள்ளைகளின் தாயான இளம்பெண்ணைத் தன் குடும்பத்தை விட்டு வரும்படி தூண்டிய ஒருவரை ஏற்கும் நிலைக்கு நாடு வந்துவிட்டதா என்பதே அவர் பேச்சின் சாரம். அந்த வாக்கியத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். இரண்டு பெண்கள் அதில் வருகிறார்கள். ஒருத்தி கைவிடப்பட்டவள், இன்னொருத்தி தூண்டப்பட்டவள். எதையும் தானாகச் செய்தவர் ஆண் ஒருவர்தான். ஆனால் தண்டனை என்று வந்தபோது ஆளுநருக்குப் பதவி போகவில்லை. பிள்ளைகளை இழந்தது ஹாப்பி.

கலிபோர்னியாவில் ஜூன் 2 அன்று தேர்தல். ஜெயிப்பவருக்கு மொத்தம் 86 பிரதிநிதிகள். மே நடுவில் ஆரெகனில் ஜெயித்திருந்த ராக்கஃபெல்லர் முன்னணியில் இருந்தார். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு, மே 30 சனிக்கிழமை, நியூயார்க் மருத்துவமனையில் ஹாப்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அடங்கிப்போயிருந்த விவகாரம் மறுபடியும் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. கோல்ட்வாட்டர் 51.6 சதவீதத்தில் ஜெயித்தார். 20 லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்குகளில் வித்தியாசம் 70 ஆயிரத்துக்கும் குறைவு.

ஒரு பிரசவம் தேர்தலைத் தீர்மானித்தது என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களுக்கு வசதி. நான் அதை முழுதாக நம்பவில்லை. வடக்குக் கலிபோர்னியாவில் ராக்கஃபெல்லர் முந்தினார். தெற்கே லாஸ் ஏஞ்சலிஸும் ஆரஞ்சு கவுண்டியும்தான் கோல்ட்வாட்டரைக் கரையேற்றின. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் என் மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. ராக்கஃபெல்லர் ஸ்பென்சர்–ராபர்ட்ஸ் என்ற தொழில்முறைப் பிரச்சார நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். கோல்ட்வாட்டருக்குச் சம்பளம் வாங்காத பெண்கள் இருந்தார்கள். புறநகர் வீடுகளில் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களைக் காப்பிக்கு அழைத்து, மேசைமேல் கம்யூனிச எதிர்ப்புப் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் பேசியவர்கள். தேசபக்திப் புத்தகக்கடைகள் நடத்தியவர்கள். தெருத்தெருவாகக் கதவு தட்டியவர்கள். சமையலறை மேசைதான் அவர்களுடைய கட்சி அலுவலகம்.

அவர்கள் கையில் இருந்த புத்தகத்தை எழுதியவரும் பெண்தான். ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் ஊர்க்காரர், அம்மாநிலக் குடியரசுக் கட்சிப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவி. வேட்பாளரை எப்போதும் நியூயார்க்கின் சில பணக்காரர்கள் ரகசியமாகத் தீர்மானிக்கிறார்கள், இந்த முறை அதை முறியடிப்போம் என்பதுதான் அந்தப் புத்தகம். பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை. சொந்தமாக அச்சடித்து, கட்டுக்கட்டாக வாங்கினால் விலை குறைத்துக் கொடுத்து, கைமாற்றிக் கைமாற்றி நவம்பருக்குள் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. சிறு பதிப்பக வேலைகளில் கட்டுப் பிரித்துப் பழகியவள் என்பதால் எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் பொறாமைதான் முதலில் வந்தது. அந்த ஆண்டு முழுக்க ஓடியாடிய ஷ்லாஃப்லி ஆறாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். நவம்பரில் பெற்றெடுத்தார். அவர் கர்ப்பத்தை யாரும் ஒழுக்கப் பிரச்சினையாக்கவில்லை.

இந்தப் பெண்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கும் ஆசைதான். நம் இயக்கத்திலும் அப்படிப் பேசுகிற பழக்கம் உண்டு. ஆனால் அவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தே வேலை செய்தார்கள். ஜூன் 19 அன்று செனட் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து கோல்ட்வாட்டர் வாக்களித்தார், ஸ்மித் ஆதரித்தார். கறுப்பின மக்களுக்கான அந்தச் சட்டத்தில்தான், வேலையில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற விதியும் இருந்தது. அந்தத் தென்கலிபோர்னியப் புறநகர்கள் பெரும்பாலும் வெள்ளையர் மட்டுமே வாழ்ந்தவை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த மாநிலச் சட்டத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை அதே நவம்பரில் கலிபோர்னியா ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஆதரித்தது. குடும்பத்தைக் காப்பது என்றால் தெருவைக் காப்பது, தெருவைக் காப்பது என்றால் யாரை உள்ளே விடக்கூடாது என்பது. ஊரும் சேரியுமாகப் பிரிந்த மண்ணில் வளர்ந்த நமக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம்.

அந்த அக்டோபரில் 'ஒழுக்கமுள்ள அமெரிக்காவுக்கான தாய்மார்கள்' என்ற பெயரில் ஒரு பிரச்சாரப் படம் தயாரானது. கறுப்பின மக்களின் போராட்டம், அரைகுறை ஆடைப் பெண்கள் இரண்டையும் மாறி மாறிக் காட்டி நாடு கெட்டுவிட்டது என்றது. அந்தத் தாய்மார் அமைப்பை உருவாக்கியது கோல்ட்வாட்டரின் பிரச்சாரக் குழு. படத்தைப் பார்த்த கோல்ட்வாட்டரே இது இனவெறி என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவர் மனைவி பெக்கி 1930களிலேயே அரிசோனாவில் குடும்பக்கட்டுப்பாட்டு மையம் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவர்களைவிடத் தொண்டர்கள் இறுக்கமானவர்களாக இருப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

இல்லினாய் தேர்தலை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஏப்ரல் 14 அன்று அங்கே வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்ட பெயர்கள் இரண்டே: கோல்ட்வாட்டர், ஸ்மித். ஸ்மித்துக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், 25 சதவீதம். இதை நான் வகுப்பில் வெற்றியைப் போலச் சொல்வேன். அவற்றில் கணிசமானவை கோல்ட்வாட்டர் வேண்டாம் என்று விழுந்தவையாக இருக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த மாநிலத்தின் கட்சிப் பெண்களை அமைப்பாகத் திரட்டி வைத்திருந்தவர் ஷ்லாஃப்லி. ஸ்மித்திடம் அமைப்பு என்று எதுவும் இல்லை. காசோலையோடு காசோலை அனுப்பியவரையும் சேர்த்துத்தானே திருப்பி அனுப்பியிருந்தார்.

ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு. தீவிரவாதக் குழுக்களைக் கண்டித்துப் பேச எழுந்த ராக்கஃபெல்லரைக் கூச்சலிட்டே நிலைகுலைய வைத்தார்கள். ஸ்மித்தை வெர்மாண்ட் செனட்டர் ஜார்ஜ் எய்க்கன் முன்மொழிந்தார். கோல்ட்வாட்டருக்கு 883 வாக்குகள், ஸ்மித்துக்கு 27. நவம்பரில் கோல்ட்வாட்டர் ஆறே மாநிலங்களில் ஜெயித்து, ஜான்சனிடம் படுதோல்வி அடைந்தார்.

தோற்றவர்களின் பட்டியல்கள் அழியவில்லை. 1967இல் கட்சியின் தேசியப் பெண்கள் கூட்டமைப்புத் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்ற ஷ்லாஃப்லி, தன்னை ஆதரித்த பெண்களின் முகவரிகளுக்கு மாதச் செய்திமடல் அனுப்பத் தொடங்கினார். 1972 மார்ச் 22 அன்று, சம உரிமைத் திருத்தத்தை செனட் நிறைவேற்றியபோது ஸ்மித் ஆதரித்து வாக்களித்தார். அந்த நவம்பரில் தன் தொகுதியை இழந்தார். அதே ஆண்டு ஷ்லாஃப்லி திருத்தத்துக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் எடுத்துக்கொண்டு பெண்கள் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போனார்கள். 1980இல் அந்தப் பெண்கள் உற்சாகமாக வேலை செய்து ஜெயிக்க வைத்த ரொனால்ட் ரீகன், அமெரிக்காவின் முதல் விவாகரத்தான குடியரசுத் தலைவர். அந்த ஆண்டுதான் கட்சி தன் தேர்தல் அறிக்கையிலிருந்து சம உரிமைத் திருத்தத்துக்கான ஆதரவை எடுத்தது.

திருத்தத்துக்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவை. 1982 ஜூனில் கெடு முடிந்தபோது கிடைத்தவை 35. ஒப்புதல் தராத மாநிலங்களில் இல்லினாயும் ஒன்று. அது ஒப்புதல் அளித்தது 2018இல், ஷ்லாஃப்லி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.