சூரியனும் பஞ்சமும்
தென்னாசியாவில் சூரிய அவதானிப்பின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாற்றினைக் கண்டுபிடிப்புகளின் வரிசைக் கிரமமான பட்டியலாகக் கொள்ளுதல் போதாது. ஒரு வினா எக்காலத்தில் எழுந்தது, அதனை எழுப்பியோர் யாவர், அவ்வினாவினாற் பின்தள்ளப்பட்ட வினா யாது என்பனவும் வரலாற்றாசிரியன் ஆராயவேண்டியவையே. சூரியனில் நிகழும் வெடிப்புகள், சுவாலைகள், கரும்புள்ளிகள் ஆகியவற்றை நாள்தோறும் அவதானிக்கும் பணி தென்னாசியாவில் வேரூன்றிய விதம் இவ்வகையில் நுணுகி நோக்கற்பாலது. தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்துக்கும் இப்பணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பின் தன்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெடிப்பு முதன்முதல் காணப்பட்டமை

சூரியனின் கரும்புள்ளிகள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொலைநோக்கியாற் காணப்பட்டனவாயினும், அவற்றின் எண்ணிக்கை ஒழுங்காக ஏறி இறங்குவது 1843இலேயே வெளிப்பட்டது. ஜேர்மனியரான ஷ்வாபே பதினேழு ஆண்டுகள் இடையறாது குறித்துவைத்த கணக்கின் பயன் அது. அச்சுழற்சியின் சராசரி நீளம் ஏறத்தாழப் பதினொரு ஆண்டு என்பதை 1852இல் வோல்ஃப் நிறுவினார்.

1859 செப்டெம்பர் 1ஆம் திகதி, இங்கிலாந்தில் றிச்சார்ட் கரிங்டன் என்பார் கரும்புள்ளிக் கூட்டமொன்றினை வரைந்துகொண்டிருந்த வேளையில், அதன்மீது கண்கூசும் இரு வெண்ணொளித் திட்டுகள் தோன்றி ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் மறைந்தன. ஹொட்ஜ்சன் என்பாரும் வேறோரிடத்திலிருந்து தனித்து அதனைக் கண்டார். சூரிய வெடிப்பொன்று மனிதனால் அவதானிக்கப்பட்டுப் பதிவான முதல் நிகழ்ச்சி இதுவே. அடுத்த பதினெட்டு மணி நேரத்துள் பூமியின் காந்தப்புலம் கடுமையாகக் குழம்பிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் செயலிழந்தன. பம்பாயின் கொலாபா அவதான நிலையத்தின் காந்தமானியும் அப்புயலைப் பதிவுசெய்தது. சூரியன் பூமியின்மீது ஒளியாலும் வெப்பத்தாலும் மட்டுமன்றி வேறு வழிகளாலும் தாக்கம் விளைவிக்கலாம் என்ற எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

சூரியனின் விளிம்பில் எழும் சுவாலைகள் அதுவரை முழுக் கிரகணத்தின்போது மட்டுமே காணத்தக்கனவாயிருந்தன. 1868 ஓகஸ்ட் 18ஆம் திகதிக் கிரகணத்தைக் குண்டூரில் அவதானித்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், நிறமாலைகாட்டியின் துணையால் அவற்றைக் கிரகணம் நீங்கிய பின்னரும் காணலாம் எனக் கண்டார். இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியரும் அதே ஆண்டு ஒக்டோபரில் இம்முறையைத் தாமாகவே கண்டறிந்தார். சூரியனின் கொந்தளிப்பை நாளாந்தம் பதிவுசெய்வதற்கு வழி திறந்தது.

இலங்கையில் கேட்ட செய்தி

1871 டிசெம்பர் 12ஆம் திகதிக் கிரகணத்தை முன்னிட்டு லொக்கியர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் அக்கிரகணம் அவதானிக்கப்பட்ட இடங்களுள் அடங்கும். இலங்கையில் பருவமழையின் வலிமை பதின்மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மாறிவருவதாக அவர் இங்கு கேள்விப்பட்டார். மொறீசியசில் மெல்ட்றம் என்பார் சூறாவளிகளைக் கரும்புள்ளிகளோடு தொடர்புபடுத்தியிருந்தார். இவ்விரண்டையும் இணைத்து, வானிலையியலும் வானியலைப்போலச் சுழற்சிகளைத் தேடவேண்டும் என 1872இல் லொக்கியர் எழுதினார். எளிய ஒரு செவிவழிச் செய்தி பேரரசின் ஆய்வுத்திட்டத்திற்கான சான்றுகளுள் ஒன்றாக உயர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பஞ்சமும் சூரியக் கொள்கையும்

1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் பரவிய பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1877 ஜனவரி முதலாம் நாள் டில்லியில், விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழாவினை அரசப் பிரதிநிதி லிற்றன் நடத்தினார். நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சேர் றிச்சார்ட் ரெம்பிள், கூலிவேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையாளர் கோணிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். தானிய ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. புகையிரதம் தானியத்தைப் பசி இருந்த இடத்துக்கன்றி விலை இருந்த இடத்துக்கே கொண்டுசென்றது. உயிர்தப்பியோரிற் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்தனர். மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றில் இப்பஞ்சத்துக்குரிய இடம் இன்னும் முழுமையாக ஆராயப்படவேண்டியதொன்றாகும்.

இவ்வேளையிற்றான் வில்லியம் ஹன்ரர், தென்னிந்தியாவின் வறட்சி, பஞ்சச் சுழற்சி பற்றிய தமது நூலை 1877இல் வெளியிட்டார். 1813 முதலான சென்னை மழைக்கணக்கினைப் பதினோராண்டுக் கூறுகளாக வகுத்து, கரும்புள்ளி குன்றிய காலங்களில் மழையும் குன்றுகிறது என அவர் வாதிட்டார். அதே ஆண்டில் லொக்கியரும் ஹன்ரரும் இணைந்து 'கரும்புள்ளிகளும் பஞ்சங்களும்' என்ற பொருளில் எழுதினர். பொருளியலறிஞர் ஜெவன்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இந்திய அறுவடை குன்றினால் ஆங்கிலேயத் துணியின் விற்பனை குன்றும். ஆகவே இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளுக்கும் சூரியனே மூலம் என்பது அவரது துணிபு. முதலாளித்துவத்தின் நெருக்கடி இவ்வாறு வானத்தின்மீது சுமத்தப்பட்டது.

இக்கொள்கை அக்காலத்திலேயே மறுக்கப்பட்டது என்பதையும் கூறுதல் வேண்டும். சென்னை மழைக்கணக்கு அத்தகைய முடிவைத் தாங்காது என றிச்சார்ட் ஸ்ற்றேச்சி 1877இலேயே காட்டினார். அவரது தலைமையில் அமைந்த பஞ்ச ஆணைக்குழு 1880இல், நிலமற்ற உழைப்பாளர் வேலையையும் கூலியையும் இழப்பதே வறட்சியின் முதல் விளைவு என்பதை ஏற்றுக்கொண்டது. எனினும் வரிக்கொள்கையும் ஏற்றுமதியும் கேள்விக்குள்ளாகவில்லை.

கொடைக்கானல்

சூரியக் கொள்கையைத் தொடர்ந்து நிறுவனங்கள் எழுந்தன. டேராடூனில் 1878 முதல் சூரியன் நாள்தோறும் படம்பிடிக்கப்பட்டது. 1881இல் வானிலை அதிகாரி பிளான்போர்ட் சூரிய அவதானிப்பை மேம்படுத்தவேண்டும் எனப் பரிந்துரைத்தார். 1895இல் பழனி மலையிலுள்ள கொடைக்கானலில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899இல் மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் அவதான நிலையம் உருவாயிற்று.

1907இல் அங்கு வந்த ஜோன் எவர்ஷெட், கரும்புள்ளியின் வெளிவளையத்தில் வாயு ஆரைவழியே வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் கண்டுபிடித்தார். அப்பாய்ச்சல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவரும் அவரது மனைவி மேரியும் சுவாலைகளைப் பற்றிச் செய்த ஆய்வு 1917இல் வெளிவந்தது. 1904 முதல் சூரியத் தட்டின் வெண்ணொளிப் படங்களும், பின்னர் கல்சியம், ஐதரசன் ஒளிப் படங்களும் அங்கு ஒழுங்காகச் சேர்ந்தன. இவ்வொழுங்கு, மேகம் விலகும் கணத்துக்காகக் காத்திருந்து கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் குறிப்பெழுதிய உதவியாளர்களின் உழைப்பாலும் அமைந்ததாகும்.

ஆனால் அந்நிலையத்தின் பிறப்புக்குக் காரணமான வினாவுக்குக் கிடைத்த விடை வேறு. 1904 முதல் 1924 வரை இந்திய அவதான நிலையங்களின் தலைவராயிருந்த கில்பேட் வோக்கர், கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையால் ஆராய்ந்து, அது முன்னறிவிப்புக்குப் பயன்படாத அளவு மெலிந்தது எனக் கண்டார். அவரது தேடல் பசிபிக், இந்து சமுத்திரங்களுக்கிடையே ஊசலாடும் வளியமுக்கத்தைக் கண்டறிவதில் முடிந்தது. 1877இன் வறட்சிக்கு அவ்வூசலோடு இணைந்த எல் நினோ எனும் கடல்வெப்பமே முதன்மையான காரணம் என்பது இன்றைய ஆய்வு முடிவு.

முடிவுரை

சூரியக் கொந்தளிப்பு மனித வாழ்வைத் தாக்குவதில்லை எனக் கூறுவதற்கில்லை. 1989 மார்ச்சில் எழுந்த காந்தப்புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருக்கச் செய்தது. 2024 மே மாதத்தின் புயல் இருபது ஆண்டுகளில் மிக வலியது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலம் இத்தகைய வெடிப்புகளை அவதானிக்கும் பொருட்டே அனுப்பப்பட்டது. அதன் முதன்மைக் கருவியைச் செய்தளித்த இந்திய வானியற்பௌதிக நிறுவனம் கொடைக்கானல் மரபின் வழிவந்ததாகும். நூறாண்டு கடந்த கொடைக்கானல் படங்கள் இன்று எண்முறைப்படுத்தப்பட்டு, சூரியனின் நெடுங்கால நடத்தையை அறிய உலக அறிஞருக்குப் பயன்படுகின்றன.

ஆகவே நாம் இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். ஆட்சியாளரின் தேவையொன்றிற் பிறந்த நிறுவனமும் மெய்யான அறிவினைத் தரலாம். அவ்வறிவின் பெறுமதி அதன் பிறப்பினாற் குறைந்துவிடாது. அதேவேளை, அவ்வறிவின் பெறுமதி அதனைத் தோற்றுவித்த காலத்தின் குற்றத்தை மறைக்கவும் கூடாது. வறட்சி இயற்கையின் நிகழ்ச்சி. பஞ்சமோ சமுதாய உறவுகளின் விளைவு. உணவு இருத்தல் ஒன்று, அதனைப் பெறும் உரிமை இருத்தல் வேறொன்று என 1981இல் அமர்த்தியா சென் நிறுவியது இவ்வேறுபாட்டையே. மழை ஏன் பொய்த்தது என்பதற்குச் சூரியனிலோ கடலிலோ விடை தேடுவது முறையே. தானியம் கப்பலேறிய துறைமுகங்களின் அருகே மக்கள் ஏன் மடிந்தனர் என்பதற்கான விடையை எத்தொலைநோக்கியாலும் காண இயலாது.