முறையும் இணையும்: இரட்டை டர்போவின் வரலாறு

தோற்றுவாய்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இந்நாட்டுத் தமிழர்களாகிய நமக்கு, கப்பலேறி வந்த முன்னோரும் அவர்கள் திருத்திய காடும் நட்டு வளர்த்த ரப்பர் மரமும் சேர்ந்து நினைவுக்கு வரும். கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் அத்துணை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கருவி ஏன் தோன்றிற்று, எக்குறையை நீக்க வந்தது, பின்னர் ஏன் மாற்றப்பட்டது என்று தேடிச் சென்றால், அதுவும் மனிதர் வரலாறாகவே விரியக் காணலாம். அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அதை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன்.

1996ஆம் ஆண்டு, நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காற்றுத் தூய்மைக்கேடு பற்றிய பாடம் நடந்தது. வாகனப் புகை தீமை விளைவிப்பது என்று கூறி முடிக்கும் வேளையில், கடைசி வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். "ஐயா, அப்பா லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால் கையை வைத்தால் சூடாக, வேகமாக அடிக்கிறது. அந்த வேகத்தை எதற்காவது பயன்படுத்த முடியாதா?" என்று கேட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "பாடத்தைக் கவனி" என்று சொல்லி அமர வைத்தேன். மாணவர் வினாவை வரவேற்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதி வந்தவன்தான் நான்.

புகையில் போகும் ஆற்றல்

அச்சிறுவன் கேட்ட வினாவை அவனுக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருந்தார். அவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறி வீணாகிறது. அப்புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி, வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் செலுத்தலாம் என்று அவர் கண்டார். மிகுந்த காற்று உட்சென்றால் மிகுந்த எரிபொருளை எரிக்கலாம், ஆற்றலும் பெருகும். இக்கருத்துக்கு 1905இல் அவர் காப்புரிமை பெற்றார்.

கருத்துத் தோன்றியவுடன் கருவி கைகூடிவிடவில்லை. கொடுஞ்சூட்டைத் தாங்கும் உலோகமும் நுட்பமான தாங்கிகளும் வேண்டியிருந்தன. 1920களின் நடுப்பகுதியில்தான் இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் பூச்சியின் அமைப்பு வெற்றி கண்டது. 1,750 குதிரைத்திறனாக இருந்த ஆற்றல் 2,500 ஆக உயர்ந்தது. 1938இல் அது லாரிக்கும், 1962இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. இதற்கு வழங்கும் 'டர்போ' என்னும் பெயர் பம்பரத்தையும் சுழற்காற்றையும் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும்.

இத்தத்துவம் தோட்ட மக்களுக்கு முற்றிலும் புதியதன்று. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர்கள் இதன் உறவினரை நாள்தோறும் கண்டிருப்பர். பழத்திலிருந்து எஞ்சிய நாரையும் ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் நீராவி உண்டாக்குவார்கள். அந்நீராவி விசையாழியைச் சுழற்றி மின்சாரம் தரும். சுழற்றி ஓய்ந்து வெளிவரும் நீராவியையும் வீணாக்காமல், குலைகளை அவிக்கும் கலத்துக்குச் செலுத்துவார்கள். கழிவென்று வெளியேறுவதைப் பிடித்து மீண்டும் வேலை வாங்கும் அறிவு நம் ஆலைகளில் பழகிப்போன ஒன்றே.

ஒன்றன்பின் ஒன்றாக

டர்போவுக்கு ஒரு பிறவிக் குறையுண்டு. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவு; புகை குறைந்தால் சக்கரம் விரைந்து சுழலாது. எனவே ஓட்டுநர் மிதியை அழுத்திய பின் ஆற்றல் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். சிறிய டர்போவைப் பூட்டினால் விரைவில் விழித்துக்கொள்ளும்; ஆயின் உயர் வேகத்தில் போதிய காற்றைத் தராது. பெரியதைப் பூட்டினால் உயர் வேகத்தில் வாரி வழங்கும், தொடக்கத்திலோ உறங்கும்.

இவ்விடரை நீக்க, இரண்டு டர்போக்களைப் பூட்டி அவற்றை முறை வைத்து இயக்கும் வழி பிறந்தது. வயலுக்கு நீர் பாய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் நீர் குறைந்திருக்கையில் இரண்டு மடைகளையும் திறந்தால் எந்த வயலுக்கும் நீர் எட்டாது. ஒரு மடையை அடைத்து முதல் வயலுக்குப் பாய்ச்சி, நீர் பெருகியபின் இரண்டாம் மடையைத் திறப்பதே உழவர் கண்ட வழி. அதே போன்று, குறைந்த வேகத்தில் புகை முழுவதையும் முதல் டர்போவுக்கே செலுத்தி, வேகம் கூடியபின் இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டார்கள். இதனை முறை இயக்கம் எனலாம்.

1986இல் போர்ஷ 959 என்னும் கார் இவ்வமைப்புடன் வெளிவந்தது. ஜப்பானில் மாஸ்டா நிறுவனம் 1990இல் யூனோஸ் காஸ்மோவிலும், 1991இன் இறுதியில் ஆர்.எக்ஸ்-7 காரிலும் இதனை அமைத்தது. டொயோட்டா 1993இல் சுப்ரா காரில் இவ்வழியைக் கையாண்டது. ஆர்.எக்ஸ்-7இன் இயந்திரம் 1.3 லிட்டர் கொள்ளளவே உடையது. உருளைகளும் உந்துதண்டுகளும் அற்றது. முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு உள்ளே சுழல்வது. அத்துணைச் சிறிய இயந்திரம் முதற்கண் 255 குதிரைத்திறனும், 1999இல் 280 குதிரைத்திறனும் வழங்கியது இரட்டை டர்போவின் துணையால்தான்.

அவ்வமைப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 சுற்று வரை முதல் டர்போ மட்டுமே காற்றூட்டும். அதற்குச் சற்று முன்பே சிறிதளவு புகையைக் கசியவிட்டு இரண்டாவதைச் சுழற்றி ஆயத்தப்படுத்துவார்கள். அது அமுக்கும் காற்று வேளை வரும்வரை வேறு வழியே வெளியேறும். குறித்த சுற்றில் கதவுகள் திறந்தும் மூடியும் இரண்டும் கைகோக்கும். அக்கணத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டிலிருந்து 8க்கு இறங்கி மீண்டும் 10க்கு ஏறும். இத்தனைக்கும் கட்டளையிட மின்காந்த வால்வுகளும், காற்றழுத்தத் தொட்டிகளும், அவற்றை இணைக்கும் எண்ணற்ற சிறு ரப்பர்க் குழாய்களும் வேண்டியிருந்தன.

தோட்டத்திலிருந்து பட்டறைக்கு

இதற்கிடையே நெகிரி செம்பிலான் தோட்டங்களின் முகம் மாறிக்கொண்டிருந்தது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடுகள் எழுந்தன. நீலாய் வட்டாரத்திலும் சிரம்பானைச் சுற்றிலும் செண்டாயானிலும் புதுநகர்கள் தோன்றின. எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் 1998இல் பன்னாட்டு விமான நிலையமும், 1999இல் கார்ப் பந்தயத் திடலும் திறக்கப்பட்டன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் இளைஞர் பலர் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் பட்டறைக்கும் சென்றனர். ஜப்பானில் ஓடிப் பழகிய கார்கள் செப்பனிடப்பட்டு இங்கு இறக்குமதியாகி வந்த காலம் அது. அவற்றுள் ஆர்.எக்ஸ்-7களும் சுப்ராக்களும் இருந்தன.

என் மாணவனும் இடைநிலைப் பள்ளியை முடித்துச் சிரம்பானில் ஒரு பட்டறையில் கைவேலையாளாகச் சேர்ந்தான். முதுமையடைந்த இரட்டை டர்போக்களை அவன் அங்குதான் சந்தித்தான். இயந்திரச் சூட்டில் பத்தாண்டு வெந்த ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருக்கும். எங்கோ ஒரு குழாய் கசிந்தால் இரண்டாம் டர்போ விழிக்காது. எது பழுதென்று கண்டுபிடிக்க நாள் கணக்கில் தேட வேண்டும். ஆகவே உரிமையாளர் பலர் வேறு வழி கேட்டனர். முறை இயக்கத்தை நீக்கிவிட்டு, இரண்டு டர்போக்களும் எப்போதும் ஒருங்கே இயங்குமாறு செய்துவிட வேண்டும் என்பதே அது. இதனை இணை இயக்கம் எனலாம்.

மாற்றமும் அதன் விலையும்

மாற்றும் முறை கேட்பதற்கு எளிது. புகையை இரண்டாம் டர்போவுக்கு விடாமல் தடுக்கும் கதவை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும். அல்லது அதனை அகற்றி அச்சுத் துளைகளை அடைத்துவிட வேண்டும். இரண்டாவதன் காற்று இயந்திரத்துக்குச் செல்லும் வழியையும் திறந்துவிட வேண்டும். தேவையற்றுப்போன வால்வுகளையும் குழாய்களையும் கழற்றி, வாய்களை மூட வேண்டும். வால்வுகள் காணாமற்போனதாகக் கணினி எண்ணாதிருக்க, அவற்றின் இடத்தில் மின்தடைகளை இணைப்பதும் உண்டு. சுப்ராவிலும் இதே கருத்துத்தான். கதவுகளின் அமைப்பில் மட்டும் வேறுபாடு.

பயன்கள் உண்மையானவை. குழாய்க் காடு மறைகிறது. நடுவே அழுத்தம் தாழ்ந்து ஏறும் தடுமாற்றம் நீங்குகிறது. பழுது காண்பதும் எளிதாகிறது. இழப்பும் உண்மையானதே. குறைந்த புகை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுவதால், முழு அழுத்தம் ஏறத்தாழ 3,000 அல்லது 3,500 சுற்றுக்குப் பின்பே கிட்டும். பந்தயத் திடலில் இது பெரிதாகத் தெரியாது. சிரம்பான் நகரத்து விளக்குக் கம்பங்களில் நின்று நின்று செல்பவருக்கு நன்றாகவே தெரியும்.

இவற்றினும் கொடிய இடர் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கிறது. மிகுதிப் புகையை டர்போவுக்குச் செல்லவிடாமல் விலக்கி விடும் ஒரு சிறு வாயில் உண்டு. அழுத்தம் அளவு மீறாமல் காப்பது அதுவே. கதவுகளை அகற்றி, தடையற்ற புகைக்குழாயையும் பூட்டினால், பெருகிவரும் புகைக்கு அச்சிறு வாயில் போதாது. அழுத்தம் தானாகவே மேலும் மேலும் ஏறும். எரிபொருள் அதற்கு ஈடாகாவிடில் உள்ளே வெடிப்புத் தாறுமாறாக நிகழும். ஆர்.எக்ஸ்-7இன் சுழலி முனைகளில் உள்ள மெல்லிய அடைப்பான்கள் அதைத் தாங்கமாட்டா.

என் மாணவன் 2010ஆம் ஆண்டளவில் தன் கையால் செய்த முதல் மாற்றத்தில் இதுவே நேர்ந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்டு எடுத்த வழிமுறைத் தாளைப் படம் பார்த்துப் பின்பற்றினான். கழற்ற வேண்டியவற்றை யெல்லாம் பிழையின்றிக் கழற்றினான். காக்கும் வாயிலை அகலப்படுத்த வேண்டும் என்ற பத்தி அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாம் நாள் இயந்திரம் உடைந்தது. உரிமையாளருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை அவன் மூன்றாண்டுகள் சம்பளத்திலிருந்து அடைத்தான். "எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டேன் ஐயா. அது எதற்காக அங்கே இருந்தது என்று கேட்காமல் விட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் கூறினான். கேட்கும் பழக்கம் அவனிடம் ஒரு காலத்தில் இருந்ததென்பதும், அதை அமர வைத்தவர் யாரென்பதும் எனக்குத் தெரியும்.

இன்று அவனுக்குச் சொந்தப் பட்டறை உண்டு. இணை இயக்கம் வேண்டுமென்று வருவோரிடம் முதலில் அவன் கேட்பது, காரை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதே. நாள்தோறும் நகரத்தில் ஓட்டுபவராயின், சூடு தாங்கும் புதுக் குழாய்களைப் பூட்டி முறை இயக்கத்தையே உயிர்ப்பித்துத் தருகிறான். திடலில் ஓட்டுபவராயின் மாற்றித் தருகிறான். காக்கும் வாயிலை அகலப்படுத்தி, எரிபொருள் அளவையும் திருத்திய பின்பே சாவியை ஒப்படைக்கிறான். சுப்ராவும் ஆர்.எக்ஸ்-7உம் 2002இல் உற்பத்தி நின்றவை. எனினும் முறை இயக்கம் மறைந்துவிடவில்லை. பெரிய கப்பல் டீசல் இயந்திரங்கள் சிலவற்றில் இன்றும் வழங்குகிறது.

முடிவுரை

சென்ற ஆண்டு அவனை நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளிக்கு அழைத்தேன். பழைய டர்போ ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பிள்ளைகள் வரிசையில் வந்து ஒரு விரலால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தனர். முறை, இணை, மடை, வாயில் என்னும் சொற்களாலேயே அவன் அனைத்தையும் விளக்கினான். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "இரண்டாவது டர்போ வேலை செய்யாமல் இருக்கும்போது அதற்கு எண்ணெய் போகுமா?" என்று கேட்டாள். இயந்திரம் ஓடும் வரையில் இரண்டுக்கும் எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். இல்லையேல் அழைக்கும் வேளையில் அது சுழலாமல் இறுகிப் போயிருக்கும் என்று அவன் விடை கூறினான்.

தோட்டத்துப் பிள்ளைகளின் கைகளில் கருவி அறிவு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அதற்குரிய சொல்லையும் 'ஏன்' என்று கேட்கும் உரிமையையும் தாய்மொழியில் தருவது ஆசிரியராகிய நம் கடன். அம்மாணவியைத் தொடர்ந்து மேலும் நால்வர் கையை உயர்த்தினர். பாடவேளை முடிந்து மணி அடித்தது. இம்முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.