குழந்தை ஓவியம்

குழந்தை ஓவியம் என்பது மாதிரிப் படமோ பெரியவர் திருத்தமோ இல்லாமல் குழந்தைகள் தாமே வரைவது. கலையுணர்வு வளரும் விதத்தை ஆராய்வோர் பெரிதும் இதையே நாடுகின்றனர். பாட்டும் ஆட்டமும் அந்த நேரத்தோடு போய்விடும். தாளில் விழுந்த கோடு தங்கும்.

பொலோஞா நகரில் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் சிறுவர்களின் சுவர்க் கிறுக்கல்களைக் கண்ட கொர்ராதோ ரிச்சி, 1887இல் இத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றை வெளியிட்டார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பு தொடங்கினார். கற்றுத்தராமல் வளரவிடுவதே அவர் கொள்கை. ஆயினும் அவர் மாணவர்களின் படங்கள் ஒரே சாயலில் இருந்ததை விமர்சகர்கள் அன்றே சுட்டினர்.

வளர்ச்சிப் படிநிலைகளை விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வகுத்தார். இரண்டு வயதுக் கிறுக்கல் கையசைவின் இன்பம் மட்டுமே. பிறகு ஒருநாள், கிறுக்கி முடித்த கோட்டைக் காட்டிக் குழந்தை "இது அப்பா" என்கிறது. மூன்று, நான்கு வயதில் தலைப்பிரட்டை மனிதன் பிறக்கிறான்: ஒரு வட்டம், உள்ளே இரு புள்ளிக் கண்கள், வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரு கால்கள். வயிறு கிடையாது. ஏழு வயதையொட்டித் தாளின் அடியில் தரைக்கோடும் உச்சியில் வானப் பட்டையும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவே வெறும் தாள். வீட்டுச் சுவரை ஊடுருவி உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள். முக்கியமானவர் பெரிதாக இருப்பார். கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததையே குழந்தை வரைகிறது. இதைப் பிழையென்று திருத்துவது அறியாமை.

ஒன்பது வயதுக்குமேல் 'அசல்போல' வரவேண்டும் என்ற தவிப்பு தொடங்குகிறது. பலர் பென்சிலைக் கீழே வைப்பது இங்கேதான். ரசனையும் இதே தடத்தில் நகர்கிறது. மைக்கேல் பார்சன்ஸ் 1987இல் விளக்கியபடி, சிறு குழந்தை பிடித்த நிறத்துக்காகப் படத்தை விரும்புகிறது. அடுத்து உருவ ஒற்றுமை, அதன்பின் உணர்ச்சி வெளிப்பாடு.

கலையுணர்வின் வளர்ச்சியில் சூழலுக்கும் பங்குண்டு; இசையில் அது வெளிப்படை. எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வுகளில், வட அமெரிக்காவின் ஆறுமாதக் குழந்தைகள் தமக்குப் பழக்கமில்லாத பால்கன் தாளத்தின் பிறழ்வையும் கண்டுகொண்டன. ஒரு வயதில் அத்திறன் குன்றியது. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அவ்விசையைக் கேட்டதும் மீண்டது. பெரியவர்களுக்கு அவ்வளவு கேட்டது போதவில்லை.

ஆகவே, குழந்தையைத் தனியே விட்டாலே படைப்பாற்றல் மலரும் என்ற பழைய நம்பிக்கை பாதி உண்மைதான். பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் காட்டியபடி, குழந்தைகள் சுற்றிலும் பார்க்கும் படங்களிலிருந்து இரவல் வாங்கியே வரைகின்றனர். இரண்டு மலை, நடுவே சூரியன், வளைந்தோடும் ஆறு, கரையில் குடிசை என நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக வரையப்படும் காட்சியும் அத்தகைய இரவலே. இரவல் வாங்குவதில் குற்றமில்லை. பார்க்கக் கிடைப்பது அந்த ஒரே படமாக இருப்பதுதான் குறை.